தாழும் கட்டில்

நைகாகாவின் முதல் பிள்ளை சிமெண்டுத் தரையில் பிறந்தான். அதை அவள் யாரிடமும் ஒளித்ததில்லை. டாக்ஸி நிறுத்தத்தில் உட்கார்ந்து மரவள்ளிக் கிழங்கு பொரித்து விற்பாள். கிழங்கு வேகும்வரை நிற்பவர்களுக்குப் பொழுது போவதற்காகவே அந்தக் கதையைச் சொல்வாள். கேட்பவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். சிரிக்க வைத்துக்கொண்டே அவள் ஒரு பொருளைக் கேட்டுக்கொண்டிருந்தாள் என்பது எனக்குப் புரியச் சில வருஷங்கள் பிடித்தன.

எங்கள் சுகாதார நிலையத்தில் பிரசவக் கட்டில் ஒன்றுதான். நான் வெல்டர். எதையும் அளந்து பார்க்காமல் பேசிப் பழக்கமில்லை. அதையும் ஒருநாள் அளந்தேன். தரையிலிருந்து மூன்றடி இரண்டு அங்குலம். நைகாகாவின் மூன்று சக்கர வண்டியின் இருக்கை ஒன்றே முக்கால் அடி. நான் செய்துகொடுத்த வண்டி, அதனால் அந்த அளவு மறக்காது. மூன்று வயதில் வந்த காய்ச்சலில் அவளுக்கு இரண்டு கால்களும் சூம்பிவிட்டன. வண்டியை விட்டு இறங்கினால் கைகளில் ரப்பர் செருப்பை மாட்டி, தரையை ஊன்றி நகர்வாள். அப்போது அவளுடைய தலை அந்தக் கட்டிலின் விளிம்புக்கும் கீழேதான் இருக்கும்.

முதல் பிரசவத்துக்குப் போன அன்று மருத்துவச்சி கட்டிலைத் தட்டிக் காட்டியிருக்கிறாள்.

"ஏறிப் படு."

"எப்படி சிஸ்டர் ஏறுறது?"

"அதை வயித்துல வாங்குறதுக்கு முன்னாடி யோசிச்சிருக்கணும். இந்தக் காலைப் பாத்த பிறகும் உன்கிட்ட வந்தானே, யாரு அந்த இரக்கமில்லாதவன்?"

"அவன் என் காலைத் தேடி வரல சிஸ்டர்."

இந்த இடத்தில்தான் எல்லோரும் சிரிப்பார்கள். அதற்குப் பிறகு நடந்ததை நைகாகா வேகமாகச் சொல்லி முடித்துவிடுவாள். மருத்துவச்சிக்கு இடுப்புவலி, தூக்க முடியாது. ஆண்கள் உள்ளே வரக்கூடாது. அவளுடைய கணவன் இசாபிரியே வெளியே செங்கல் சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றான். சோளச் சாக்கு ஒன்றை விரித்து, முந்தைய பிரசவத்தின் ஈரம் காயாத தரையிலேயே பெற்றாள். பையன் பிழைத்தான். அவள் சீழ் பிடித்து இரண்டு மாதம் கிடந்தாள்.

எழுந்ததும் அவளுக்கு ஒரே ஒரு ஆசை வந்தது. மாவட்ட மருத்துவமனையில் ஒரு கட்டிலைப் பார்த்திருந்தாள். காலால் மிதித்தால் முழங்கால் உயரத்துக்கு இறங்கும், மறுபடி மிதித்தால் ஏறும். அந்தக் கட்டில் எங்கள் சுகாதார நிலையத்துக்கு வரவேண்டும். ஊனமுற்றோருக்கான எங்கள் சங்கத்தில் ஒருவர் ஆடு கேட்பார், இன்னொருவர் ஊன்றுகோல் கேட்பார். நைகாகா எந்தக் கூட்டத்திலும் கட்டிலைத் தவிர வேறு எதையும் கேட்டதில்லை.

அலுவலகத் தாள்களில் எங்களுக்கு நீளமான ஒரு பெயர் உண்டு. எங்களுக்குள் ‘நம்ம ஆளுங்க’ என்றுதான் சொல்லிக்கொள்வோம். எனக்கு இடது கால் நாலு அங்குலம் குட்டை, அதனால் நானும் நம்ம ஆள்தான். ஒவ்வொரு உள்ளூர் கவுன்சிலிலும் நம்ம ஆட்களுக்குச் சட்டப்படி இரண்டு இருக்கைகள் உண்டு, ஒன்று ஆணுக்கு, ஒன்று பெண்ணுக்கு. அவர்களை நாங்களே தேர்ந்தெடுக்கிறோம். வேட்பாளர்கள் முன்னால் நிற்பார்கள், யாரை விரும்புகிறோமோ அவருக்குப் பின்னால் வரிசையில் நிற்க வேண்டும். நிற்க முடியாதவர்கள் உட்காரலாம். வண்டிகள் இருக்கும் வரிசை எப்போதும் நீளமாகத் தெரியும், அதனால் அதிகாரி நீளத்தைப் பார்க்காமல் தலைகளை எண்ணுவார்.

அந்த வருஷம் பெண் இருக்கைக்கு நைகாகாதான் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. பத்து வருஷமாகச் சங்கத்தின் தலைவி. ஆனால் தேர்தலுக்கு முந்தைய வாரம் தேவாலயத்துக் கொட்டகையில் கூடியபோது அவளே வேறு பெயரைச் சொன்னாள்.

"குவாகலா நிக்கட்டும்."

குவாகலாவுக்கு வலது கை முழங்கையோடு நின்றுவிட்டது, பிறவியிலேயே. இரட்டைப் பிள்ளை பெற்றவள், அதனால் ஊர் வழக்கப்படி எல்லோரும் ‘நலோங்கோ’ என்று மரியாதையாகக் கூப்பிடுவோம். நைகாகாவின் அடுப்புக்கு அடுத்த அடுப்பு அவளுடையது. ஒருத்தி கிழங்கு பொரித்தால் மற்றவள் சப்பாத்தி போடுவாள். இருவரும் பதினான்கு வருஷம் ஒரே குடையின் கீழ் உட்கார்ந்தவர்கள்.

"நீ ஏன் வேணாங்கிற?" என்று நான் கேட்டேன்.

"கவுன்சில் ஹாலுக்கு எத்தனை படி, முகோசே?"

"ஏழு."

"ஒவ்வொரு கூட்டத்துக்கும் என்னை ரெண்டு பேர் சாக்கு மூட்டை மாதிரி தூக்கிட்டுப் போவானுங்க. தூக்கினவனையே உள்ள போய்த் திட்ட முடியுமா? நலோங்கோ தன் காலால ஏறிப் போவா. மேசையைத் தட்டிப் பேசுவா."

"எந்தக் கையால தட்டுறது?" என்றாள் குவாகலா. கொட்டகையே அதிர்ந்தது.

"இருக்கிற கையால தட்டுடி. அதுவே போதும்."

நியாயமாகத்தான் பட்டது. நானும் தலையாட்டினேன். படியேற முடிந்தவளைப் படிகளுக்கு அப்பால் அனுப்பினோம். படியேற முடிந்தவள் மூன்றடி இரண்டு அங்குலக் கட்டிலிலும் ஏற முடிந்தவள் என்பது எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. குவாகலா தன் இரட்டையரை அந்தக் கட்டிலில்தான் பெற்றாள். தாழும் கட்டில் அவளுக்கு ஒருநாளும் தேவைப்பட்டதில்லை.

நாற்பத்தொரு தலைகளில் முப்பத்தாறு அவளுக்குப் பின்னால் நின்றன. முதல் ஆளாக வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தியவள் நைகாகா.

எங்கள் நாட்டில் கவுன்சில் உறுப்பினராகிவிட்டால் ‘ஆனரபிள்’ என்று கூப்பிட வேண்டும். சப்பாத்தி வாங்க வந்தவர்கள் மறுநாளே அப்படிக் கூப்பிட ஆரம்பித்தார்கள். நைகாகா மட்டும் நலோங்கோ என்றே கூப்பிட்டாள். இரண்டு பேருக்கும் அது பிடித்திருந்தது.

குவாகலா வேலை செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். முதல் வருஷமே கவுன்சில் ஹாலுக்குச் சாய்தளம் கட்ட வைத்தாள். கட்டியவன் அதற்கு முன் சாய்தளம் பார்த்ததில்லை போலிருக்கிறது. கூரையின் சரிவு மாதிரி செங்குத்தாக இருந்தது. நைகாகா ஒருமுறை ஏறிப் பார்த்தாள். பாதியில் வண்டி பின்னால் உருண்டு செம்பருத்திச் செடியில் மோதியது. அதன் பிறகு ஆடுகள்தான் அதில் ஏறி இறங்கின.

"ஆட்டுக்கும் சமத்துவம் வேணுமில்ல" என்றாள் நைகாகா. குவாகலாவும் சேர்ந்துதான் சிரித்தாள்.

இரண்டாம் வருஷம் மார்ச் மாதம் குவாகலா அடுப்படிக்கு ஓடி வந்தாள். அவள் ஓடி வந்து நான் பார்த்தது அந்த ஒருநாள்தான்.

"கட்டில் பட்ஜெட்டுல ஏறிடுச்சு! வருஷக் கடைசிக்குள்ள வந்துடும்."

நைகாகா கரண்டியைக் கீழே வைத்தாள். எண்ணெயில் கிழங்கு கருகத் தொடங்கியது. அவள் கவனிக்கவில்லை.

"நிஜமாவா நலோங்கோ?"

"நானே கையெழுத்துப் போட்டேன். இன்னும் என்ன யோசனை? இசாபிரியேகிட்ட சொல்லு, ரெண்டாவதுக்கு வழி பண்ணச் சொல்லி. கட்டிலை முதல்ல நீதான் தொறந்து வைக்கணும்."

அது வேடிக்கைப் பேச்சுதான். ஆனால் முதல் பிரசவத்துக்குப் பிறகு ஒன்பது வருஷம் வேண்டாம் வேண்டாம் என்று இருந்தவள் நைகாகா. ஜூன் மாதம் அவளுடைய வண்டியின் கைப்பிடியைச் சற்று முன்னால் தள்ளி வைக்கச் சொல்லி என்னிடம் வந்தாள். இனி வயிற்றுக்கு இடம் வேண்டியிருக்குமாம். அவளுக்கு முப்பத்தேழு வயது.

"பயமில்லையா?" என்று கேட்டேன்.

"கட்டில் வருதே" என்றாள்.

கட்டில் நவம்பர் கடைசியில் வந்தது. டிசம்பர் மூன்றாம் தேதி நம்ம ஆட்களுக்கான நாள். பள்ளி மைதானத்தில் கூடாரம் போட்டு, நாடாக்கள் சுற்றிய கட்டிலைப் புல்லின் நடுவில் வைத்திருந்தார்கள். மாவட்டத்திலிருந்து விருந்தினர்கள் வந்திருந்தார்கள். கவுன்சில் சேர்மன் முக்கால் மணி நேரம் சமத்துவத்தைப் பற்றிப் பேசினார். பிறகு குவாகலா எங்கள் பக்கம் வந்து நைகாகாவின் காதருகே குனிந்தாள்.

"எல்லாரும் பாக்கணும்ல. ஒரு தடவை ஏறிக் காட்டு."

"இந்த வயித்தோடயா? இத்தனை ஆம்பளைங்க முன்னாடியா?"

"எனக்காக."

நைகாகா வண்டியை ஓட்டிக்கொண்டு போனாள். மருத்துவச்சி மிதித்தாள், கட்டில் இறங்கியது. அளவு நாடா எடுத்துப் போகாதது எனக்குக் குறைதான். ஆனாலும் கண்ணாலேயே தெரிந்தது, இருக்கையும் கட்டிலும் ஒரே மட்டம். யாரும் கை கொடுக்காமல் அவளே நகர்ந்து படுத்தாள். கட்டில் மேலே ஏறியது. எட்டு மாத வயிறு நாடாக்களுக்கு நடுவே வெயிலில் உயர்ந்து நின்றது. ஜனங்கள் கை தட்டினார்கள். நம்ம ஆட்களில் கை இல்லாதவர்கள் குரல் கொடுத்தார்கள். சேர்மன் ஒருபக்கம், குவாகலா ஒருபக்கம் நிற்கப் படம் எடுத்தார்கள். நைகாகா கைகளால் முகத்தை மூடிக்கொண்டிருந்தாள். வெட்கமும் சிரிப்பும். அவளை அவ்வளவு சந்தோஷமாக நான் பார்த்ததில்லை.

இரண்டு வாரம் கழித்துப் பரிசோதனைக்குப் போனவள் நேராக என் பட்டறைக்கு வந்தாள்.

"முகோசே, கட்டில் அங்க இல்ல."

"இன்னும் இறக்கியிருக்க மாட்டாங்க."

"சிஸ்டர் சொல்றா, வரவே இல்லையாம். நமுகூபாவுக்குப் போயிடுச்சாம்."

நமுகூபா, சேர்மனின் சொந்த ஊர். எங்களிடமிருந்து இருபத்திரண்டு கிலோமீட்டர். அங்கேயும் ஒரு சுகாதார நிலையம் இருக்கிறது, அவருடைய அப்பா கொடுத்த நிலத்தில்.

"நலோங்கோவுக்குத் தெரிஞ்சிருக்காது. தெரிஞ்சா மேசையை உடைச்சிருப்பா. வா, போய்ச் சொல்லுவோம்" என்றாள். வழி நெடுக அவள் இதையேதான் சொன்னாள். நான் பின்னாலிருந்து வண்டியைத் தள்ளினேன்.

அன்று கவுன்சில் கூடியிருந்தது. ஹால் வாசலில் நின்ற இரண்டு பேர், "தூக்கட்டுமா அம்மா?" என்று கேட்டார்கள். நைகாகா வேண்டாம் என்று கீழேயே நின்றாள். நான் மட்டும் ஏறிப் போனேன். தீர்மானங்களை அறிவிப்புப் பலகையில் குத்தி வைப்பது எங்கள் கவுன்சிலின் வழக்கம். யாரும் படிப்பதில்லை. உள்ளே ஆள் அனுப்புவதற்கு முன் எதற்கும் பார்க்கலாம் என்று படித்தேன்.

"என்னய்யா இருக்கு? சத்தமாப் படி" என்றாள் நைகாகா கீழிருந்து.

நான் படித்தேன். ‘நமது நிலையத்தில் இவ்வாண்டு ஊனமுற்ற கர்ப்பிணிகள் எவரும் இல்லாததால், தாழும் கட்டிலை நமுகூபா நிலையத்துக்கு மாற்றலாம். முன்மொழிந்தவர்...’ அங்கே நின்றுவிட்டேன்.

"யாரு?"

"ஊனமுற்றோர் உறுப்பினர். ஆனரபிள் குவாகலா."

நம்ம ஆட்களுக்கான பொருளை இடம் மாற்ற நம்ம ஆள் முன்மொழிய வேண்டும். அது விதி. எங்களைக் காப்பாற்றப் போட்ட விதி.

"தேதி?"

"நவம்பர் இருபது."

அவள் விரல் விட்டு எண்ணினாள். கட்டிலில் ஏறிப் படுத்த நாளுக்குப் பதின்மூன்று நாள் முன்பு. அதே பலகையில், கொஞ்சம் கீழே, இன்னொரு தாள் இருந்தது. குவாகலாவைச் சமூகநலச் செயலாளராக நியமிக்கும் உத்தரவு, நவம்பர் இருபத்தாறு. அதையும் படித்தேன். படிக்காமல் விட்டிருக்கலாம். ஆனால் அவள் கேட்டால் பாதியை மறைக்க எனக்கு வராது.

என் குரல் கேட்டுக் குவாகலா வெளியே வந்தாள். புதுக் கைப்பை, தோளில். நைகாகாவைப் பார்த்ததும் படிகளில் இறங்கி வந்தாள், ஐந்து படி. மீதி இரண்டில் இறங்கவில்லை.

"உனக்குச் சொல்லணும்னுதான் இருந்தேன் நைகாகா."

"எப்போ? பிள்ளையோட ஞானஸ்நானத்துலயா?"

"நான் மாட்டேன்னு சொல்லியிருந்தாலும் அவங்க எடுத்துட்டுப் போயிருப்பாங்க. அப்போ நமக்குக் கட்டிலும் இல்ல, செயலாளரும் இல்ல. இப்போ நான் உள்ள இருக்கேன். அடுத்த பட்ஜெட்டுல இன்னொண்ணு..."

"அடுத்த பட்ஜெட்டுக்கு இவனை உள்ளயே இருக்கச் சொல்லவா?" வயிற்றைத் தட்டினாள்.

"உனக்கு வலி வந்தா ஒரு போன் போடு. கவுன்சில் வண்டியை அனுப்பி நமுகூபாவுக்கே கூட்டிட்டுப் போறேன். அந்தக் கட்டில்லயே பெத்துக்கலாம். என் தலை மேல சத்தியம்."

"கர்ப்பிணி யாருமே இல்லைன்னு எழுதியிருக்கே. நான் யாருடி?"

குவாகலா என்னைப் பார்த்தாள். நான் ஆடுகளைப் பார்த்தேன்.

"மைதானத்துல என்னைப் படுக்கச் சொன்னப்போ உனக்குத் தெரியும்."

"தெரியும்."

"அப்புறம் ஏன் படுக்கச் சொன்னே?"

"முன்னாடியே சொல்லியிருந்தா நீ படுத்திருக்க மாட்டே" என்றாள் குவாகலா.

அதைச் சொல்லிவிட்டு அவளே திடுக்கிட்டாள். நைகாகா வண்டியைத் திருப்பினாள். திரும்பும் வழியில் அவள் என்னைத் தள்ள விடவில்லை.

ஜனவரி ஒன்பதாம் தேதி, காலை ஏழு மணிக்கு வலி எடுத்தது. நைகாகா போன் போட மாட்டேன் என்றாள். இசாபிரியே ஓடி வந்து என்னைப் போடச் சொன்னான். குவாகலா உடனே எடுத்தாள்.

"ஐயோ, இன்னைக்கா? வண்டி சேர்மன் மாமனார் அடக்கத்துக்கு நாற்காலி ஏத்திட்டுப் போயிருக்கே. மத்தியானம் வந்துடும். மத்தியானம் வரைக்கும் தாங்குவாளா?"

நான் போனை இசாபிரியேயிடம் கொடுத்தேன். அவன் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு அணைத்தான். அவளுடைய மூன்று சக்கர வண்டியில்தான் அவளைச் சுகாதார நிலையத்துக்குக் கொண்டுபோனோம். அவன் தள்ள, நான் பள்ளம் வரும் இடங்களில் முன் சக்கரத்தைத் தூக்க.

இப்போது இருந்தவள் வேறு மருத்துவச்சி, இளம்பெண், கடுஞ்சொல் பேசாதவள். "நானும் அண்ணனும் சேர்ந்து மேல தூக்கிடுறோம் அக்கா. யார் வேணாங்குறாங்க பாக்கலாம்" என்று இசாபிரியேயை உள்ளே கூப்பிட்டாள். தூக்கிப் பார்த்தார்கள். பாதி உயரத்தில் வலி வந்து நைகாகா துடித்ததில் பிடி நழுவப் பார்த்தது. "இறக்குங்க, இறக்குங்க" என்று கத்தினாள். தரையில் இறக்கினார்கள். இந்த முறை சாக்கு இல்லை. மருத்துவச்சி தன் மெத்தையை எடுத்து வந்து போட்டாள். அதுதான் ஒன்பது வருஷத்தில் வந்த மாற்றம்.

பெண் குழந்தை. இரண்டு கிலோ எண்ணூறு. பிரசவப் பதிவேட்டில் மருத்துவச்சி எழுதிக்கொண்டிருந்தபோது நைகாகா தலையைத் தூக்கினாள்.

"எங்க பொறந்துச்சுன்னு எழுதினியா?"

"அதுக்குக் கட்டம் இல்லையே அக்கா."

"ஓரத்துல எழுது. தரையிலன்னு. அம்மாவுக்கு ரெண்டு காலும் நடக்காதுன்னு."

"மேல இருக்கிறவங்க கேப்பாங்க."

"கேக்கட்டும். அதுக்குத்தானே எழுதச் சொல்றேன்."

மருத்துவச்சி கதவைப் பார்த்தாள், பிறகு ஓரத்தில் சின்ன எழுத்தில் எழுதினாள். இதை இசாபிரியே எனக்குச் சொன்னான். இதுவரை யாரும் கேட்கவில்லை.

பத்து நாள் கழித்து நைகாகாவின் வண்டிக்குச் சங்கிலி மாட்டிக்கொண்டு அவள் வீட்டு முற்றத்தில், அவள் குழந்தையோடு உட்கார்ந்திருந்த பாயருகே இருந்தேன். குவாகலா வந்தாள். சோப்பு, சர்க்கரை, மஞ்சள் கம்பளித் துணி ஒன்று. குழந்தை பிறந்த வீட்டுக்கு வந்தவரை எங்கள் பக்கத்தில் யாரும் திருப்பி அனுப்ப மாட்டார்கள்.

"வாங்க ஆனரபிள். உக்காருங்க" என்றாள் நைகாகா.

குவாகலா அந்தச் சொல்லைக் கேட்டு ஒரு கணம் நின்றாள். பிறகு பாயில் உட்கார்ந்தாள். இசாபிரியே இஞ்சி போட்ட டீ கொண்டுவந்து வைத்தான். பயணம் எப்படி, வீட்டில் எல்லோரும் சௌக்கியமா, மழை பெய்ததா, எல்லாவற்றையும் நைகாகா முறைப்படி கேட்டாள். குவாகலா முறைப்படி பதில் சொன்னாள். கட்டிலைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. டீ பாதி ஆனதும் குவாகலா எழுந்து போய்ப் பானையை முழங்கையால் சாய்த்துத் தண்ணீர் விட்டுக் கையை நன்றாகக் கழுவினாள். சோப்புப் போட்டுக் கழுவினாள். திரும்பி வந்து உட்கார்ந்து ஈரக் கையை நீட்டினாள்.

"குடு. பாக்குறேன்."

நைகாகா மடியில் கிடந்த குழந்தையைத் துணியோடு சேர்த்து எடுத்தாள். ஒரு நிமிஷம் அந்தக் கையைப் பார்த்தாள். பிறகு பாயின் மறுபக்கம் திரும்பி என்னிடம் நீட்டினாள்.

"நான் கை கழுவலையே நைகாகா, பூரா கிரீசு" என்றேன்.

"பரவாயில்ல. நீ பிடி."

வாங்கிக்கொண்டேன். வேறு என்ன செய்ய. குழந்தை என் கறுத்த விரல்களுக்கு நடுவே ஒருமுறை கொட்டாவி விட்டது. குவாகலா நீட்டிய கையை மடக்கி மடியில் வைத்துக்கொள்ள நிறைய நேரம் எடுத்துக்கொண்டாள்.